வாலு போட்ட மதிப்பெண்

1.
இந்தக் கதை பயத்தில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? பள்ளி ஆலோசகர் போனில் கூப்பிட்டு, என் பெண்ணுக்கு ஆதரவு போதவில்லை போலிருக்கிறது என்றார். வகுப்பு முழுவதற்கும் ஒரு கேள்வித்தாள் கொடுத்திருந்தார்களாம். மனசு கஷ்டப்படும்போது துணைக்கு யார் வருவார்கள், அதில் உனக்கு எவ்வளவு திருப்தி? இந்த மாதிரிப் பல கேள்விகள்; ஒவ்வொன்றிலும் திருப்திக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். வாலு (பன்னிரண்டு வயது, வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறோம்) எல்லாக் கேள்விக்கும் ஒன்று போட்டிருந்தாள்.

2.
எழுதுகிறவனுக்கு இது போதாதா? உடனே ஆரம்பித்தேன்: ‘யாருமற்ற அந்தச் சிறுமி ஜன்னலோரம்…’

(அடித்துவிட்டேன். எங்கள் ஜன்னலோரத்தில் என் அக்காவின் தையல் மிஷின் இருக்கிறது. உட்கார இடமில்லை.)

இன்னொன்று: ‘அப்பா எழுதிக்கொண்டே இருந்தார். மகள்…’

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

3.
மறுநாள் நானும் மனைவியும் ஆலோசகர் எதிரில் உட்கார்ந்திருந்தோம். அவர் திருப்தி மதிப்பெண்ணை மட்டும்தான் கூட்டிப் பார்த்திருந்தார். துணைக்கு யார் பெயரைப் போட்டிருக்கிறாள் என்று மனைவி கேட்டாள். எல்லாக் கேள்விக்கும் அம்மா, அப்பா, அத்தை. இடம் போதாமல் ஓரத்தில் மாடிவீட்டு நர்ஸ் அக்கா. ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு வாலுவையே வரவழைத்துக் கேட்டார்.

“அழ ஆரம்பிச்சா போதும் மிஸ், நாலு பேரும் வந்துடறாங்க. ஒருத்தர் தண்ணி, ஒருத்தர் புத்திமதி. அப்பா பேனாவோட வர்றார். நிம்மதியா அழக்கூட விடமாட்டேங்கறாங்க.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெட்கம் அதற்கப்புறம்தான் வந்தது.

[பேனா என்பது மிகை. சில நாள் பென்சில்.]

4.
இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில், ஆலோசகர் கேள்வித்தாளில் ‘தேவைக்கு மேல்’ என்று ஒரு கட்டம் சேர்க்கிறார். (கேட்டுப் பார்த்தேன். அதெல்லாம் முடியாது சார் என்றுவிட்டார்.) இன்னொன்றில், வாலு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்கிறாள். இதைப் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

நடந்துகொண்டிருப்பது வேறு. சாயங்காலம் பள்ளிவிட்டு வந்தவள் நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்கிறது. தம்ளரோடு எழுந்த அக்காவை மனைவி கையைப் பிடித்து உட்காரவைத்தாள். நானும் எழுந்து, எழுந்த சுவடே தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நேற்று இருந்த பயம் இல்லை.

எதற்கு அழுகிறாள், எப்போது வெளியே வருவாள் என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் முடிவு தெரிய வேண்டும் என்று இருக்கும். தயவுசெய்து கதவைத் தட்டிவிடாதீர்கள். வேண்டுமானால் எங்களோடு கொஞ்ச நேரம் இப்படி உட்காருங்கள்.