இரண்டு வாக்குகள்

மாக்டாவும் றெனோல்டும் சந்தித்தது மொன்றியலின் புவாண்ட்-கிளேர் பகுதியில், ஒரு பண்டகசாலையில். இருவரும் அங்கே பெட்டி தூக்கியவர்கள். தொழிற்சங்கம் கட்டப் போய் மாக்டா வேலையை இழந்தாள். அதே மாதம் றெனோல்ட் அவளைக் கலியாணம் கட்டினான். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடொன்றில் மகள் லக்சனா பிறந்து வளர, போலந்துக்காரியான மாக்டா யாழ்ப்பாணத் தமிழும் பேசக் கற்றுக்கொண்டாள்.

லக்சனாவுக்கு எட்டு வயதானபோது, தன் தாயின் செத்தவீட்டுக்குப் போலந்து போன மாக்டாவை அங்குள்ள இடதுசாரிக் கட்சி தேர்தலில் நிற்கக் கேட்டது. "ஒருக்கா நிண்டு பாருமன்" என்று றெனோல்ட்தான் தொலைபேசியில் சொன்னான். முதல்முறை தோற்றாள். நாலு வருடம் கழித்து வென்று நாடாளுமன்றம் போனாள். பண்டகசாலைத் தொழிலாளருக்கு ஓய்வுநேரத்தை உறுதிசெய்யும் சட்டமூலம் ஒன்றை எழுதினாள். அது நிறைவேறியதும் மொன்றியலுக்கே திரும்பிவிடுவதாக றெனோல்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதுவரை மகளுக்குத் தலை பின்னியதும் பள்ளிக்கூடக் கூட்டங்களுக்குப் போனதும் அவன்தான்.

வாக்கெடுப்புக்கு மூன்று மாதம் இருக்கையில் றெனோல்டுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. பதினேழு வயது லக்சனாவிடம் அவன் சத்தியம் வாங்கினான்.

"வாக்கெடுப்பு முடியட்டும். பேந்து நானே அம்மாட்டச் சொல்லுறன்."

கன்னம் ஒட்டியது தெரியாமலிருக்கத் தாடி வளர்த்தான். ஞாயிறுதோறும் வீடியோவில் சிரித்தான்.

சட்டமூலம் இரண்டு வாக்குகளால் தோற்றது. அதைச் சொல்ல மாக்டா எடுத்த அழைப்புக்கு ஆஸ்பத்திரியிலிருந்து லக்சனா பதில் சொன்னாள்.

மறுநாள் பின்னேரம் மாக்டா கட்டிலருகே நின்றாள். றெனோல்ட் கண்ணைத் திறந்து, சட்டம் என்னவாயிற்று என்று கேட்டான்.

"வெண்டிட்டம்," என்றாள்.

"அப்ப இனிப் போகமாட்டீர்தானே?"

"இல்லையப்பா. இனி இஞ்சதான்."

மூன்றாம் நாள் அவன் இறந்தான்.

மாக்டா பதவி விலகினாள். தோல்வியைத் தாங்காமல் ஓடிவிட்டாள் என்று போலந்துப் பத்திரிகைகள் எழுதின. உண்மையைச் சொல்லும்படி கட்சித் தோழர்கள் கெஞ்சினார்கள். அவள் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து தாயும் மகளும் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

"நான் முந்தியே சொல்லியிருக்கவேணும், அம்மா," என்று லக்சனா அழுதாள்.

மாக்டா அவள் கையைப் பிடித்தாள். ஒரு ஞாயிறு றெனோல்டின் கண்கள் குழிவிழுந்திருந்ததைத் திரையில் தான் கவனித்ததாகவும், கேட்க வாயெடுத்தபோது கட்சி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்ததாகவும், பிறகு கேட்க மறந்துபோனதாகவும் சொன்னாள்.

லக்சனா கையை இழுத்துக்கொண்டாள். பஸ் வந்தது. இருவரும் ஏறி, வேறுவேறு இருக்கைகளில் இருந்தார்கள்.