நான்காவது வரியில் நின்ற கோடு

அல்மாத்தியில் மறதி நோய் ஆராய்ச்சிக்கு நிதி தரும் அந்த அறக்கட்டளையில், விஞ்ஞானிகள் பென்சிலுக்குப் பயந்தார்கள். பணம் கேட்பவர் தன் ஆராய்ச்சியை ஒரே பக்கத்தில் சாதாரண மொழியில் எழுதித் தர வேண்டும். நோயை வீட்டுக்குள் பார்த்த ஐந்து பேர் அதைப் படிப்பார்கள். எந்த இடத்தில் புரியாமல் போகிறதோ அங்கே ஒரு கோடு போட்டு நிறுத்திவிடுவார்கள். கோடுகள் பக்கத்தின் மேல்பாதியிலேயே விழுந்தால் பேராசிரியரானாலும் திருப்பி எழுத வேண்டியதுதான்.

விண்ணப்பங்களை அனுப்புவது, திரும்ப வாங்குவது, அடுக்கி வைப்பது எல்லாம் குன்சுலுவின் வேலை. எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பாள். பிறகும் சந்தேகம் தீராது.

ஐந்து பேரில் நான்கு பேர் நோயாளியைக் கவனித்துக்கொள்கிறவர்கள். ஐந்தாவது ஆள் ஒராஸ்பாய். அவருக்கே நோய். முன்பு அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்த்தவர். முதல் நாளே, "உன் குலம் எது?" என்று அவளைக் கேட்டார். அவர் மனைவியின் குலம்தான் அவளுக்கும். "அப்ப நீ எனக்குக் கொழுந்தியா. இனிமே உன்னைக் கிண்டல் பண்ண எனக்கு உரிமை இருக்கு" என்றார். இதை அலுவலகத்தின் உறவினர் பதிவேட்டில் எழுத வேண்டுமா என்று அவள் இயக்குநர் தொல்கினிடம் போய்க் கேட்டாள். "எழுது. நாட்டுல பாதிப் பேரை எழுத வேண்டியிருக்கும்" என்று தொல்கின் சிரித்தார்.

பழைய தாள்களைக் கட்டி வைக்கும்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். ஒராஸ்பாயின் தாள்களை ஆறு சுற்றுகளாக வரிசைப்படுத்தினாள். முதல் சுற்றில் கோடு பக்கத்தின் அடியில் இருந்தது. பிறகு கொஞ்சம் மேலே, இன்னும் மேலே. கடைசியாக வந்த தாள்களில் நான்காவது வரி. விண்ணப்பங்கள் கடினமாகிவிட்டனவோ என்று மற்ற நால்வரின் தாள்களையும் எடுத்துப் பார்த்தாள். அவர்கள் அடிவரை போயிருந்தார்கள். தாள்களைத் தொல்கினிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"மரியாதையா ஒரு சபான் அங்கி போர்த்தி அனுப்பிடலாம். ஆனா அவரை உனக்குத்தான் நல்லாத் தெரியும். நீயே முடிவு பண்ணி வியாழக்கிழமை கூட்டத்துக்குள்ள சொல்லு" என்றார் தொல்கின்.

சனிக்கிழமை அவள் ஒராஸ்பாயின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி ரௌஷான் சமோவரிலிருந்து தேநீர் பிடித்தாள். அந்த ஊரில் கிண்ணம் நிறைய ஊற்றினால் விருந்தாளியைக் கிளம்பச் சொல்வதாக அர்த்தம்.

"ஏன் கிண்ணத்தை நிரப்புறே? அவளைத் துரத்தவா?" என்றார் ஒராஸ்பாய். "கொழுந்தியா இப்பத்தானே வந்திருக்கா."

"கை தவறிடுச்சு. உங்களுக்கு வாய் தவறுறதை விடவா?"

குன்சுலு பவுர்சாக் என்ற பொரித்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள், சாப்பிடவில்லை.

"என்னடி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்த மாதிரி உக்காந்திருக்கே? பையில என்ன?"

சொல்ல வாய் வராததால் தாள்களையே எடுத்து வரிசையாகப் பரப்பினாள். அவர் ஒவ்வொரு கோட்டிலும் விரலை வைத்துக்கொண்டே போனார்.

"இது யார் போட்டது?"

"நீங்கதான் அத்தான்."

"வரிசையை மாத்தி வச்சிட்டியா?"

"இல்ல. ரெண்டு தடவை பாத்தேன்."

ரௌஷான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். ஒராஸ்பாய் கடைசித் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"என்னை எடுத்துடலாம்னு வந்தியா?"

"தெரியல அத்தான். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"கடைசித் தாள்ல என்ன ஆராய்ச்சி?"

"நோய் இருக்கறவங்களை ரெண்டு வருஷம் மாசாமாசம் வரவச்சு, மிஷினுக்குள்ள படுக்க வச்சுப் படம் எடுப்பாங்க."

"அதை அவங்ககிட்டயும் இந்த மாதிரி ஒரு தாள்லதானே சொல்லுவாங்க?"

"ஆமா."

"அந்த மிஷினுக்குள்ள படுக்கப்போறது யாரு? கடைசி வரைக்கும் படிச்ச அந்த நாலு பேரா? இல்ல, நாலாவது வரியில நின்னுபோற என்னை மாதிரி ஆளா?"

இத்தனை சரிபார்த்தும் இந்தக் கேள்வி தனக்கு ஏன் தோன்றவில்லை என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க இருங்க அத்தான்" என்றாள். "மூணு வரிக்குள்ள முக்கியமானதைச் சொல்லலைன்னா தாளைத் திருப்பி அனுப்புறேன். தொல்கின்கிட்ட நான் பேசிக்கறேன்."

"இரு, இரு. கோடு முதல் வரிக்கும் மேல போற நாள் வரும். அன்னிக்கு நீதான் வந்து சொல்லணும். இவ சொல்ல மாட்டா, அழுவா. உங்க இயக்குநர் அங்கி போர்த்துவாங்க. கொழுந்தியா மட்டும்தான் மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியும்."

"சொல்றேன்."

"இப்பவே சொல்லிக் காட்டு. சமயத்துல நீ மழுப்புவே."

"அத்தான்... உங்களுக்கு இனிமே... கொஞ்சம் ஓய்வு..."

"பாத்தியா? இது நன்றிக் கடிதம். திரும்பச் சொல்லு."

"அத்தான், உங்களுக்கு இனிமே படிச்சாப் புரியாது. போதும், வீட்டுல இருங்க."

"குரல் நடுங்குதே."

ஜன்னல் பக்கமிருந்து ரௌஷான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரும்பினாள். "தங்கச்சி, இவர்கிட்ட இவ்வளவு மரியாதையாப் பேசினா ஏறாது. கிழவான்னு ஆரம்பி."

குன்சுலுவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின.

"யோவ் கிழவா" என்றாள். "ஒரு வரிகூட வெளங்கல உனக்கு. பென்சிலைக் கீழ வை!"

ஒராஸ்பாய் தொடையில் தட்டிச் சிரித்தார். "இது! இதை மறக்காதே. நான் மறந்துடுவேன், நீ மறக்கக் கூடாது."

பிறகு இந்தச் சுற்றுக்கான புதிய தாளைக் கேட்டு வாங்கி, முதல் வரியின் கீழ் விரலை வைத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.