கிண்ணத்தைத் தேடி வந்த மண்

வெண்கலக் கிண்ணத்தைத் தோண்டியெடுத்த நான்காம் நாள், அது புதைந்து கிடந்த மண் அதைத் தேடிக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டு கைப்பிடி இருக்கும், பச்சை ஏறிய மண். தூரம் ஒன்பது கிலோமீட்டர், நடுவே ஒரு மேம்பாலம். காலையில் வாசற்படியில் குவிந்து கிடந்ததைக் காவலாளி பெருக்கித் தெருவில் தள்ளினார். மறுநாளும் வந்தது. வந்த விருந்தாளியைத் துரத்துவது போலிருந்தது அவருக்கு. ஆனாலும் அதிகாரி உத்தரவாயிற்றே, பதினோரு நாள் பெருக்கினார்.

உள்ளே கிண்ணம் சீக்கில் விழுந்திருந்தது. பழைய உலோகங்களைப் பராமரிக்கும் பெண்மணியை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். மனிதர் நாடியை ஒருநாளும் தொட்டதில்லை. கண்காட்சி நெருங்குகிறதே என்ற அவசரத்தில், ஒட்டியிருந்த மண்ணை ஒரு துகள் விடாமல் சுரண்டி, குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டார். அந்த ஊர்த் தண்ணீர் உப்பு. இரண்டே நாளில் கிண்ணத்தில் வெளிர்பச்சைப் பொடி பூத்தது. துடைத்தால் அடியில் குழி, குழிக்குள் மறுபடி பொடி. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாக மருந்தில் ஊறவைத்தார், ஈரம் புகாத பெட்டியில் வைத்தார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவலிருந்தார். ஈராயிரம் வருடம் தாங்கியது தன் கைபட்டு உதிர்கிறதே என்று கழிப்பறைக்குள் போய் அழுதார்.

பன்னிரண்டாம் நாள் காவலாளி பெருக்கவில்லை. மனைவி இறந்து மூன்று மாதமாகியும் கட்டிலில் தன் பாதியில் மட்டுமே படுப்பவர் அவர். மண்ணைத் தன் தொப்பியில் அள்ளிக்கொண்டு டாக்டரம்மாவின் மேசைக்கு வந்தார்.

“இத்தனை வருஷம் இதுகூடத்தானே இருந்துச்சு, டாக்டரம்மா? நல்லாத்தானே இருந்துச்சு? நாம பிரிச்ச பிறகுதானே சீக்கு?”

“திரும்ப மண்ணைப் போட்டா என் வேலை போயிடும், அண்ணே.”

“போடலேன்னா கிண்ணம் போயிடுமே.”

டாக்டரம்மா பெட்டியைத் திறந்தார். கொட்ட வேண்டியிருக்கவில்லை. மண் தானாகவே தொப்பியிலிருந்து இறங்கி மேசையைக் கடந்து, எந்தக் குழி எந்தத் துகளுக்கு என்று தெரிந்தது போல ஏறி அமர்ந்தது. இத்தனை காலத்தில் வெண்கலத்திலிருந்த செம்பு மண்ணுக்குள்ளும் மண் செம்புக்குள்ளும் போயிருந்ததால், எது எங்கே முடிகிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை. பொடி உதிர்வது அன்றோடு நின்றது.

அதிகாரி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். கூட்டம் வரத் தொடங்கியதும் அடங்கினார். டாக்டரம்மாவின் வேலையும் தப்பியது. மண்ணுக்கு வெளியே விளிம்பு மட்டும்தானே தெரிகிறது என்று குறைப்பட்டவர்களும் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் போனார்கள்.

மழை விட்ட காலைகளில் இன்றும் ஒன்றிரண்டு பச்சைத் துகள்கள், பின்தங்கியவை, படியில் வந்து நிற்கும். காவலாளி துடைப்பத்தைத் தேடுவதில்லை. கதவைத் திறந்துவிட்டு, “உள்ள போ, இடது பக்கம் ரெண்டாவது ரூம்” என்கிறார்.