இடிக்காத கார்

எங்கள் அருங்காட்சியகத்தின் ரிமோட் கார் மூலையில் கார் ஓடிய நாட்களைவிட, "பழுது. மன்னிக்கவும்" என்ற பலகை நின்ற நாட்களே அதிகம். பலகை என் கைவேலை. கெட்டி மரத்தை அறுத்து, சிவப்பு அடித்து, வெள்ளையில் எழுதி, பின்னால் ஒரு காலும் வைத்திருந்தேன். நான் செய்ததிலேயே உடையாத ஒரே பொருள் அதுதான் என்று என் கொழுந்தன் சொல்வான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் பொய் என்றும் சொல்ல முடியாது.

இது குழந்தைகளுக்கான அருங்காட்சியகம். இங்கே எதையும் தொடலாம், இழுக்கலாம், திருகலாம். பின்பக்கப் பட்டறையில் நாங்கள் இரண்டு பேர். மரம், இரும்பு, பிளாஸ்டிக் எல்லாம் என் பொறுப்பு. மோட்டார், பேட்டரி, கம்பி எல்லாம் அவனுடையது. அவன் என் கணவரின் தம்பி. இந்த வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்தது நான்தான் என்பதை அவனும் மறக்கமாட்டான், நானும் மறக்க விடமாட்டேன்.

முதல் கார் கடையில் வாங்கியது. திறந்த அன்று மத்தியானம்கூடத் தாண்டவில்லை. இரண்டாவதற்குக் காரைவிட ரிமோட்தான் தலைவலி. ஒரு பிள்ளை அதைக் கடித்தது, இன்னொன்று கீழே போட்டது, கடைசியில் அது கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியில் கிடைத்தது. மூன்றாவதில் மோட்டார் புகைந்தது. அதோடு டைரக்டர் மேடத்தின் பொறுமையும் புகைந்துவிட்டது.

"வர்ற சனி, ஞாயிறு கடைசி சான்ஸ்" என்றார். "ஞாயிறு சாயந்தரம் மூடுற வரைக்கும் கார் ஓடணும். இல்லன்னா அந்த இடத்துல பெரிய டச் ஸ்கிரீன் வெச்சிடலாம். அதுலயும் கார் ஓட்டலாம், உடையவும் உடையாது."

திரைக்குள் கார் ஓட்டப் பிள்ளைகள் இங்கே வரவேண்டுமா? அப்பாவின் போன் போதாதா? நிஜமான ஒரு கார், நிஜமான தரையில், தான் திருப்பிய பக்கம் திரும்பும்போது ஒரு குழந்தையின் முகம் எப்படி ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். அந்த முகத்துக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

நான்காவது காரை நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்தோம். ரிமோட்டை ஒழித்துவிட்டு, கார் ஓடும் இடத்தைச் சுற்றியிருந்த தடுப்புக்கு வெளியே ஓர் இரும்புத் தூணில் ஸ்டீயரிங்கை முடுக்கினேன். ஒரு பிள்ளை மொத்த எடையோடு தொங்கினாலும் அது ஓர் அளவுக்கு மேல் சும்மா சுற்றுமே தவிர ஒடியாது. காரின் உடம்புக்குக் காய் நறுக்கும் பலகை செய்கிற தடித்த பிளாஸ்டிக். முன்னாலும் பின்னாலும் பழைய டயரை வெட்டிப் பம்பர். கொழுந்தன் தன் பங்குக்கு ஒரு சென்சார் வைத்தான். தடுப்புக்கு ஒரு சாண் முன்னால் கார் தானாக நின்றுவிடும்.

"அண்ணி, இனி இது எதுலயும் இடிக்காது. இடிச்சாத்தானே உடையும்?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"உன் மூளைக்குத் திருஷ்டி சுத்திப் போடணும் தம்பி" என்றேன். உள்ளுக்குள் எனக்குப் பெரிய நிம்மதி. என் பம்பரை முழு வேகத்தில் மோதவிட்டுப் பார்க்க எனக்கே தைரியம் இருக்கவில்லை. அவன் சென்சாருக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் என்பதுதான் நிஜம்.

சனிக்கிழமை காலை கதவு திறந்ததும் கூட்டம் மொய்த்தது. கார் வெண்ணெயாக ஓடியது. தடுப்பு வரை போய், மரியாதையாக நின்று, பின்வாங்கியது. நாங்கள் தூணோரம் நின்று பெருமையில் உப்பிப்போயிருந்தோம். அப்போது ஒரு பையன் என் சட்டையை இழுத்தான்.

"அக்கா, கார் கெட்டுப்போச்சு. நடுவுல நடுவுல நின்னுடுது."

"கெட்டுப்போகலடா கண்ணு, அது அப்படித்தான் ஓடும்" என்றேன். அவன் என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனான். அடுத்து வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்டீயரிங் பக்கம் ஈ காக்கை இல்லை. பிறகு முன்பல் விழுந்த ஒரு சிறுமி வந்தாள். ஓட்டினாள், முறைத்தாள், நான் தடுப்பதற்குள் தடுப்பைத் தாண்டிக் குதித்தாள். இரண்டு கையாலும் காரைத் தூக்கிச் சுவரில் ஓங்கி அடித்தாள். முன் சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் வளைந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ணே?" கத்தியே விட்டேன்.

அவள் பயப்படவே இல்லை. "அது இடிக்கவே மாட்டேங்குது. அதான் நானே இடிச்சேன்."

அவளுடைய அம்மா மன்னிப்புக் கேட்டதுகூடக் காதில் சரியாக விழவில்லை. பலகையை எடுத்து வந்து தடுப்புக்குள் நிறுத்தினேன். மாடிப்படியிலிருந்து மேடம் அதைப் பார்த்தார். அப்படியே திரும்பி மேலே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பட்டறையில் கொழுந்தன் முகம் தொங்கிப்போயிருந்தது. "சென்சாரை எடுத்துடலாம்" என்றேன்.

"அண்ணி, நான் அதுக்கு எவ்வளவு மெனக்கெட்டேன் தெரியுமா? எடுத்துட்டா உங்க பம்பர் தாங்குமா?"

"தெரியாது" என்றேன். "தாங்குமோ தாங்காதோன்னு பயந்துதான் உன் சென்சாரைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டேன். பிள்ளைங்களுக்கு இடிக்கத்தான் வேணும். இடிக்கிற காராவே செஞ்சிடுவோம்."

அவன் முறைத்துக்கொண்டே திருகாணியைக் கழற்றினான். ஆக்சிலை நிமிர்த்தி மாட்டிவிட்டுக் காரைப் பட்டறைச் சுவரை நோக்கி விட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். டமார்! பம்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக்சிலைப் பிடித்திருந்த போல்ட்தான் ஒடிந்திருந்தது. இறுக்கமாகப் பிடித்தால் ஒடிகிறது, கொஞ்சம் ஆடவிட்டால்? ரப்பர்த் துண்டை வளையம் வளையமாக வெட்டி, ஆக்சிலுக்கும் உடம்புக்கும் நடுவே வைத்தேன். மறுபடி மோதவிட்டோம். கார் ஒரு குலுங்கு குலுங்கி, பின்னால் துள்ளி, அடுத்த ரவுண்டுக்குத் தயாராக நின்றது. கொழுந்தன் சிரித்துவிட்டான். மோதவிட்டு மோதவிட்டுச் சுவரில் பூச்சு பெயரும்வரை நாங்கள் நிறுத்தவில்லை.

ஞாயிறு காலை அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். பலகை தடுப்புக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. முதலில் வந்த குட்டிப் பையன் காரை நேராக அதன்மேல் விட்டான். பலகை மல்லாந்து விழுந்தது. கூடம் அதிரக் கைதட்டல்.

"அக்கா, நிக்க வைங்க! மறுபடி நிக்க வைங்க!"

நிறுத்தினேன். விழுந்தது. நிறுத்தினேன். ஸ்டீயரிங்குக்கு வரிசை வாசல்வரை நீண்டது. சில அப்பாக்கள் பிள்ளைக்காக நிற்பதுபோல் பாசாங்கு செய்துகொண்டு தாங்களே ஓட்டினார்கள். என் இடுப்பு கழன்றுவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் குனிந்ததே கிடையாது.

சாயந்தரம் கூட்டம் கலைந்ததும் மேடம் வந்தார். கார் நடுவில் நின்றது; பக்கத்தில் சிராய்ப்பும் கீறலுமாகப் பலகை குப்புறக் கிடந்தது.

"அதைத் தூக்கி நிறுத்துங்க" என்றார்.

போச்சு என்று நினைத்தேன். நிறுத்தினேன். "பழுது. மன்னிக்கவும்" எங்கள் மூவரையும் பார்த்து நின்றது. மேடம் கைப்பையைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தார். காரை மெல்லப் பின்னால் கொண்டுபோனார், கடைசி மூலைவரை. அங்கிருந்து ஒரே ஓட்டம். பலகை தடாலென்று விழ, அவர் சின்னப் பெண்போல் ஒரு கத்து கத்தினார். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"நாளைக்கு இதுக்கு அடியில ஒரு ஸ்பிரிங் வெச்சிடுங்க, தானா எழுந்துக்கட்டும். காலையிலேர்ந்து பார்க்கிறேன், நீங்க எத்தனை தடவைதான் குனிவீங்க?"

அவர் போனபின் கொழுந்தன் பலகையைத் தூக்கித் தூசி தட்டினான். "இது இங்கேயே நின்னுட்டா, நாளைக்கு நிஜமாவே பழுதானா என்ன பண்றது அண்ணி? இன்னொண்ணு செஞ்சு வெச்சுக்குங்க."

"செய்யமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஸ்பிரிங் தேடப் போனேன்.