ஆள் இல்லாத கல்லறை

வீரக்குட்டி அத்தான் வீட்டுக்கு வருகிறார் என்றால் ஒன்றில் கலியாண விஷயமாக இருக்கும், இல்லையென்றால் செத்தவீட்டு விஷயமாக இருக்கும். ஊரைவிட்டு வெளிநாடு வந்து நான் குடியிருக்கும் மில்லிக்கனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது இரண்டையும் சேர்த்தே கொண்டுவந்தார். அவருடைய மகள் தனுசியாவுக்குத் தையில் கலியாணம். அதற்கு முன் என் புருசன் ஜெயந்தனுக்கு, அதாவது தன் தம்பிக்கு, காரியம் செய்து முடிக்க வேண்டுமாம்.

“ஏழு வருசம் போயிட்டுது பிள்ளை. ஐயரோட கதைச்சிட்டன். உடம்பு இல்லாட்டித் தர்ப்பைப் புல்லில உருவம் செய்து கொள்ளி வைக்கலாமாம். நீ ஓமெண்டு சொன்னாக் காணும்.”

நான் ஓமென்றால் அடுத்தது என் பொட்டும் தாலியும். தொண்ணூறாம் ஆண்டு மட்டக்களப்பில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமி கொண்டுபோன மனுசன். ஒரு சேட்டுக்கூடத் திரும்பி வரவில்லை. புல்லைக் கட்டிவைத்து இதுதான் உன் புருசன், கொளுத்து என்றால் எனக்குக் கோபம் வராதா?

“ஏலாது அத்தான். எலும்பைக் காட்டுங்க, பொட்டை அழிக்கிறன்.”

அவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

நான் நகரத்து நடுவில், டவுன்ரவுனில், ஒரு மியூசியத்தில் காவலுக்கு நிற்கிறவள். அந்த வருசம் ஒரு புதினமான கண்காட்சி. ஐயாயிரம் வருசத்துக்கு முன் ஐரோப்பாவில் சனங்கள் கட்டின புதைமேட்டைப் போலவே ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். வெளியே புல் மூடின மேடு. உள்ளே குனிந்து போக ஒடுக்கமான கல் நடை. அதன் முடிவில் மூன்று சிறிய அறைகள். கல்லெல்லாம் பைபர் கிளாஸ், எலும்பெல்லாம் பிளாஸ்ரிக். வாசலில் நின்று “தலை கவனம்” என்று ஆங்கிலத்தில் சொல்வதுதான் என் வேலை. முதல் கிழமை முழுக்க வீட்டுக்குப் போனதும் தலை முழுகினேன். பிளாஸ்ரிக் சுடலைக்கும் முழுக்கா என்று கூட வேலைசெய்யும் அன்ரனெற் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இடது பக்க அறையில் எலும்பே இல்லை, ஒரு கல் தட்டம் மட்டும் இருந்தது. விளக்கம் சொல்ல வரும் வெள்ளைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். தோண்டும்போதே அது வெறுமையாகத்தான் இருந்ததாம். ஏனென்று யாருக்கும் தெரியாதாம். தெரியாது என்று அவள் கூசாமல் சொன்னது எனக்குப் பிடித்தது. எங்கள் ஆட்களுக்குத்தான் எல்லாம் தெரியும்.

புதன்கிழமை அத்தான் மியூசியத்துக்கே வந்துவிட்டார். ஐயர் திகதி கேட்கிறாராம். வாசலில் நின்று வாதாடினால் என் வேலை போய்விடும்.

“உள்ளுக்கு ஒருக்காப் பாத்திட்டு வாங்க, மறுகா கதைப்பம். இடப் பக்க அறையையும் பாருங்க. ஆள் இல்லாத இடத்தில அவங்க ஒரு பொய் எலும்பையும் வைக்கல்ல.”

குனிந்து போனவர் வெளியே வரவில்லை. பின்னால் சனம் சேர்ந்துவிட்டது. நான் உள்ளே போனேன். அந்த வெறும் அறைக்கு முன்னால், தொப்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தார்.

“ரெலிபோன் அடிக்கக்குள்ள எல்லாம் அவனோ எண்டு ஓடுறன் பிள்ளை. இனி என்னால ஏலாது. அவனை எங்கயாவது கிடத்த வேணும் எனக்கு. கலியாணமெல்லாம் சும்மா சாட்டு.”

அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. ஆனாலும் பொட்டை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

“உங்கட தம்பிக்கு நீங்க செய்யுங்க அத்தான். நான் தடுக்கல்ல, பக்கத்தில வந்து நிப்பன். ஆனா பொட்டும் தாலியும் இருக்கும்.”

“ஐயர் ஒத்துக்கொள்ளுவாரா?”

“அவரிட்ட நான் கதைக்கிறன்.”

கதைத்தேன். ஐயர் சாத்திரம் சொன்னார். நானும் விடவில்லை. கடைசியில், “உங்கட குடும்ப விஷயம் அம்மா” என்று கைகழுவிவிட்டார்.

அஜக்ஸில் அத்தானுடைய வீட்டுப் பின்வளவில் காரியம் நடந்தது. நான் சிவப்புச் சேலை உடுத்து, பொட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்துக்கொண்டு போனேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும். புல்லுருவம் ஒரு முழம்கூட இல்லை. அத்தான் கொள்ளி வைத்தார். காற்றில் நெருப்பு அணைந்து அணைந்து போனது. நான் கிட்டப் போய் இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்தேன். பற்றிக்கொண்டது. “போயிட்டு வா தம்பி” என்று அவர் உடைந்துபோனார்.

அப்போதுதான் உறவுக்காரி யோகமலர் அக்கா ஈரத்துணியோடு என் நெற்றிக்கு வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, இண்டைக்கு எரிஞ்சது அத்தான்ட தம்பி. என்ட மனுசன் இன்னும் வீட்ட வரல்ல.”

அவள் அத்தானைப் பார்த்தாள். அவர் நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

“அவவை விடுங்க.”