பா வே கைக்கு ஒரு துப்பாக்கி

என் பேரு சோ லெர் மூ. வயசு இருபத்தேழு. இருக்கிறது அமெரிக்காவுல, தென் டகோட்டாவுல, ஹார்லோங்கிற ஊர்ல. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் அண்ணே. ஆனா தாய்லாந்துல நம்ம மே லா அகதி முகாம்ல அந்தப் போன் எப்ப யார் கையில இருக்கும்னு எனக்குத் தெரியாது, அதான் முதல்லயே சொல்லிடறேன். இப்ப மத்தியானம் ரெண்டரை. நாங்க ரெண்டு பேரும் வேலை பாக்கிற வான்கோழி இறைச்சி ஆலை வாசல்ல வண்டிய நிறுத்திட்டு நான் பேசறேன், போன் எழுதிக்குது. பாப்பா லா சே பின் சீட்டுல தூங்கறா. மூணு மணிக்கு என் பொண்டாட்டி பா வே வேலை முடிஞ்சு வெளிய வருவா. பிள்ளையையும் வண்டியையும் அவகிட்ட கொடுத்துட்டு நான் உள்ள போவேன். ஒரு நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு முகம் பாக்கிறது இந்த வாசல்ல இருக்கிற அஞ்சு நிமிஷம்தான்.

அண்ணே, நீங்க ரெண்டு தடவ கேட்டுட்டீங்க, எந்தத் துப்பாக்கி வாங்கினேன்னு. அதைச் சொல்லத்தான் இது. கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை, சாயந்தரம் ஏழு மணிக்கு எங்க வீட்டுக் கதவை எவனோ இடிச்சான். தட்டல, தோள வச்சு இடிச்சான். எங்க வீடு தெரியும்ல, சக்கரத்து மேல கொண்டுவந்து வச்ச தகர வீடு. சுவரெல்லாம் அட்டை மாதிரி. பா வே பிள்ளையத் தூக்கிட்டுப் போய் குளிக்கிற தொட்டிக்குள்ள உட்கார்ந்துட்டா. அந்த வீட்டுல இரும்புன்னு இருக்கிறது அந்தத் தொட்டி ஒண்ணுதான். போலீசுக்குச் சொன்னா, எனக்கும் கூப்பிட்டா. வேலை நேரத்துல எங்க போனெல்லாம் பெட்டியில வச்சுப் பூட்டிடணும். நான் பன்னெண்டு மணிக்கு வெளிய வந்து பாத்தா ஏழு தடவ கூப்பிட்டிருக்கா. அந்த ஏழுங்கிற எண்ணு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. பக்கத்து வீட்டு லாரி வந்து நின்னதும் அவன் ஓடிட்டானாம். பூட்டு பாதி பேந்து தொங்கிட்டிருந்துச்சு. போலீஸ் எழுதிக்கிட்டு ஒரு நம்பர் கொடுத்துட்டுப் போச்சு.

மறுநாளே நான் முடிவு பண்ணிட்டேன். இங்கயே தங்கலாம்னு கொடுக்கிற பச்சை அட்டை இருக்கிறவங்க துப்பாக்கி வாங்கலாம், தப்பில்ல. என்னை ராத்திரி வீட்டுல கொண்டுவந்து விடற டேல்கிட்ட சொன்னேன். அவன் ஆலையில மெஷின் பழுது பாக்கிறவன், அக்டோபர் வந்தா காட்டுக்கோழி சுடப் போயிடுவான்.

"சின்ன ரிவால்வர் வாங்குடா லெர். அஞ்சு குண்டு. இழுத்தா சுடும், அவ்வளவுதான். உன் மூளைக்கு அதுதான் சரி"ன்னான்.

நீங்க என்ன அனுப்பினீங்க? "பெருசையே வாங்கு. சின்னது பாக்கெட்டுல வச்சுக்கிட்டு பயந்து திரியறவனுக்கு." நான் அதை டேலுக்குப் படிச்சுக் காட்டினேன். "உங்க அண்ணன் பட்டாளத்துல இருந்தவரா?"ன்னு கேட்டான். ஆமான்னேன். "அவரு சண்டைக்குப் போனாரு. நீ உன் சமையல்கட்டக் காக்கப் போற"ன்னான்.

துப்பாக்கிக் கடை வச்சிருக்கிறது மார்லிஸ்னு ஒரு அம்மா. அறுபது வயசு இருக்கும். பச்சைத் துணி விரிச்சு, டேல் சொன்ன ரிவால்வர், நீங்க சொன்ன மாதிரி பெரிய பிஸ்டல், ரெண்டையும் வச்சாங்க. ரிவால்வர் என் உள்ளங்கைக்குள்ள அடங்கிடுச்சு, விளையாட்டுச் சாமான் மாதிரி. பிஸ்டல் கனமா, கைக்கு நிறைவா இருந்துச்சு. பதினஞ்சு குண்டு. அண்ணே, உண்மையச் சொல்றேன், அதைப் பிடிச்ச உடனே என் நெஞ்சுல இருந்த நடுக்கம் நின்னுச்சு. அதுதான் வேணும்னு சொல்லிட்டேன்.

அந்தம்மா விக்கிறதுக்கு எழுதற காகிதத்தை எடுக்கல. நடந்ததை டேல் முன்னாடியே அவங்ககிட்ட சொல்லியிருந்தான். "கதவை இடிச்சது எத்தனை மணிக்கு?"ன்னாங்க.

"ஏழு."

"நீ எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவ?"

"பன்னெண்டு ஆயிடும்."

"அப்புறம் நீ எதுக்குப்பா பிடிச்சுப் பாக்கற? பிடிக்க வேண்டியவள கூட்டிட்டு வா."

டேல் சிரிச்சான். எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. நான் இல்லாத நேரத்துக்குத் துப்பாக்கி வாங்க வந்துட்டு என் கைக்கு அளவு பாத்துட்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில பா வேயையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போனேன். டேலும் வந்தான். மார்லிஸ் லா சேக்கு ஒரு காட்டுக்கோழி இறகு கொடுத்து ஸ்டூல்ல உட்கார வச்சாங்க. முதல்ல பிஸ்டல். மேல இருக்கிற இரும்பு மூடியப் பின்னால இழுத்து விடணும், அப்பத்தான் முதல் குண்டு உள்ள ஏறும். பா வே இழுத்தா. கை வழுக்கிக்கிட்டு வந்துடுச்சு. மறுபடி இழுத்தா. துணியில கையத் துடைச்சுட்டு இழுத்தா. மூடி அசையல. "கையால இழுக்காத தங்கம், நெஞ்சுகிட்ட வச்சு உடம்பால தள்ளு"ன்னு மார்லிஸ் பின்னால நின்னு காட்டிக் கொடுத்தாங்க. ம்ஹூம்.

"சொன்னேன்ல, ரிவால்வர்தான்"னான் டேல். அதுல குண்டு இல்லாம ட்ரிகர இழுக்கச் சொன்னாங்க. அதுக்கு இழுக்கிற மூடி கிடையாது, ஆனா ட்ரிகரே கல்லு மாதிரி இருக்கும். ஒரு விரலால ஆகல. ரெண்டு விரல வச்சா. துப்பாக்கி மூக்கு தரையப் பாத்து இறங்கிடுச்சு. அப்பவும் டிக்குனு சத்தம் வரல.

மார்லிஸ் துப்பாக்கிய வாங்கி ஓரமா வச்சுட்டு அவ கைய எடுத்துத் திருப்பிப் பாத்தாங்க. பேனா மூடியால விரல் நுனியில குத்தினாங்க. "தெரியுதா?"

பா வே என்னைப் பாத்தா.

அடுத்த விரல். "இது?"

மூணு விரல்ல ஒண்ணும் தெரியல அண்ணே. வலது கை. கத்தி பிடிக்கிற கை. ஒரு நிமிஷத்துக்கு இருபத்தஞ்சு தடவ ஒரே இடத்துல வெட்டற கை.

"எத்தனை நாளா?"ன்னு மார்லிஸ் கேட்டாங்க. பா வே நம்ம பாஷையில என்கிட்ட, "ரெண்டு வாரம்னு சொல்லு"ன்னா.

"நெஜமா எத்தனை நாளா?"ன்னு நான் கேட்டேன்.

"மே மாசத்துலருந்து."

நான் மே மாசம்னே சொன்னேன். மார்லிஸ் தலைய ஆட்டினாங்க.

டேல்தான், பாவம், உதவி பண்றதா நெனச்சு, "பிஸ்டல்ல குண்ட ஏத்தியே வச்சுட்டா இழுக்க வேண்டாமே. அதோட ட்ரிகர் லேசு, தொட்டாப் போதும்"னான். சொல்லி முடிச்சுட்டு அவனே லா சேயப் பாத்தான். நாங்க எல்லாருமே பாத்தோம். அவ இறகை மூக்குக்குள்ள விட்டுத் தும்மிட்டிருந்தா. மூணு வயசு. இப்ப அவ திறக்காத டிராயரே இல்ல.

துப்பாக்கிய வச்சுப் பூட்டற பெட்டி ஒண்ணு காட்டினாங்க. நாலு பொத்தான், வரிசையா அமுக்கணும். பா வே மூணு தடவ அமுக்கினா. விரலுக்கு எது எந்தப் பொத்தான்னு தெரியல. மூணாவது தடவ சிவப்பு விளக்கு எரிஞ்சு பெட்டி பூட்டிக்கிச்சு.

"ரெண்டையும் விக்கத்தான் கடை வச்சிருக்கேன். நீ கேட்டா இப்பவே தருவேன். ஆனா நீ வாங்கற துப்பாக்கிய உன் வீட்டுல எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரே ஆளு கதவை உடைச்சுட்டு வர்றவன்தான். கை சரியாகட்டும், அப்புறம் வா"ன்னாங்க மார்லிஸ்.

வண்டிக்கு வந்தோம். பா வே வண்டிக் கதவுப் பிடிக்குள்ள மணிக்கட்ட நுழைச்சு, உடம்பச் சாய்ச்சு இழுத்துத் திறந்தா. அண்ணே, அஞ்சு மாசமா அவ அப்படித்தான் திறக்கிறா. ஏதோ பழக்கம்னு நெனச்சுட்டேன். தினமும் அஞ்சு நிமிஷம் பாக்கிறேன், முகத்தத்தான் பாக்கிறேன், கையப் பாக்கல.

"ஏன் சொல்லல?"ன்னேன்.

"சொன்னா கத்தி வேலையில இருந்து எடுத்துப் பெட்டி மடிக்கிற இடத்துல போடுவாங்க லா சே அப்பா. அந்த வேலை உன் ஷிப்ட்லதான் நடக்குது. அப்புறம் பிள்ளைய யாரு பாப்பா? நீயா, நானா, இல்ல அந்தக் குளிக்கிற தொட்டியா?"

"விளையாடாத."

"விளையாடல. அன்னிக்குத் தொட்டியில உட்கார்ந்து இவ வாயப் பொத்திட்டிருந்தேன். இந்தக் கையாலதான். எவ்வளவு அழுத்தறேன்னே எனக்குத் தெரியல. அதான் எனக்குப் பயம். வெளிய நின்னவன் அப்புறம்தான்."

அவ பக்கத்துக் கதவை நானே சாத்திட்டு வண்டிய எடுத்தேன்.

திங்கக்கிழமை அவ ஆலை நர்ஸ்கிட்ட போய்ச் சொல்லிட்டா. நானும் கூடப் போனேன். மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கொடுத்திருக்காங்க, டாக்டரப் பாக்க அடுத்த மாசம் தேதி. இப்போதைக்கு அதே பகல் ஷிப்ட்ல கத்தி இல்லாத வேலை. நான் பகலுக்கு மாத்திக் கேட்டேன். பிள்ளைய அந்த நேரத்துல சர்ச்காரங்க ஒருத்தர் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. ஆனா சூப்பர்வைசர், "தேங்க்ஸ்கிவிங் முடியட்டும்"னுட்டாரு. இந்த நாடே வான்கோழி சாப்பிடற நாள் அது, அதுவரைக்கும் எங்களுக்கு மூச்சு விட நேரமில்ல. இன்னும் ஆறு வாரம்.

போன ஞாயித்துக்கிழமை டேல் வந்து கதவுச் சட்டத்துல இரும்புத் தகடு வச்சு, விரல் நீளத்துக்குத் திருகாணி முடுக்கி, குறுக்கே ஒரு கம்பி போட்டுக் கொடுத்தான். கம்பிய பா வே முழங்கையாலயே போட்டு எடுக்கிறா. "துப்பாக்கி வாங்கப் போய்த் தாழ்ப்பாளோட திரும்பினவன் இந்த மாநிலத்துலயே நீ ஒருத்தன்தான்"னான். சிரிச்சேன். ஆனா பயம் போகல அண்ணே. உள்ள நின்னு வான்கோழி தொங்கவிடும்போது ஏழு மணி ஆனா என் கை தானா நிக்குது. நாளைக்கே ஏதாவது நடந்தா, ஏன்டா வாங்கலன்னு நீங்க கேப்பீங்க. நானும் கேப்பேன். இருந்தாலும் வாங்கல. அவ கையால தூக்க முடியாத ஒண்ண வீட்டுல வச்சுட்டு, நான் காவல் வச்சுட்டேன்னு நெனச்சுட்டு வேலை பாக்க முடியாது.

அதோ வெளிய வர்றா. பட்டை கட்டின கைய நெஞ்சோட அணைச்சுட்டு வர்றா. நான் போகணும்.

போன் யார் கையில இருந்தாலும் சரி, இதைக் கேளுங்க. இங்க சாயந்தரம் ஆறுன்னா அங்க காலையில ஆறு. இந்த ஆறு வாரத்துக்கு, தினமும் உங்க காலை ஆறுலருந்து லா சே தூங்கற எட்டு வரைக்கும் பா வேக்குப் போன் போடுங்க. பேச ஒண்ணும் இல்லன்னாலும் பரவாயில்ல, அடுப்பு மூட்டுங்க, சண்டை போடுங்க, போன மட்டும் வச்சுடாதீங்க. அவ ஸ்பீக்கர்ல சத்தமாப் போட்டு ஜன்னல்கிட்ட வச்சுக்குவா. அண்ணே, நீங்க இருந்தா நீங்களே பேசுங்க, கொஞ்சம் உரக்கப் பேசுங்க. வீட்டுல ஆம்பளைக் குரல் கேக்குதுன்னு வெளிய நிக்கறவனுக்குத் தெரியணும்.