உறுதி பார்த்த வீடு

1.

இந்தக் கதையைப் பென்சிலால் எழுதுகிறேன். என் பேனா என்னிடம் இல்லை. அது எங்கே போயிருக்கிறது என்பதுதான் கதை. ஆகையால் அதைக் கடைசியில்தான் சொல்ல முடியும்.

நான் கண்டியில், பத்திரம் முடித்துக் கொடுக்கும் ஒரு நொத்தாரிசு ஐயாவிடம் எழுத்தராக இருக்கிறேன். வீடு விற்பவர்கள், வாங்குபவர்கள், கடன் கொடுப்பவர்கள், தரகர்கள் எல்லோரும் வருவார்கள். அவர்கள் பேசியதைப் பத்திரமாக எழுதுவது என் வேலை. மாலையில் மாதா கோயில் மண்டபத்தில் நடக்கும் கதை எழுதும் வகுப்புக்குப் போகிறேன். அங்கே கிறகரி மாஸ்டர், அவரவருடைய இந்த 1934ஆம் வருட நாட்குறிப்பிலிருந்து ஒரு கதை எழுதிவரும்படி எங்களிடம் சொன்னார். அடித்துத் திருத்தலாம், அடித்தது தெரியவேண்டும் என்பது அவர் விதி. அடித்தவற்றைச் சதுர அடைப்புக்குள் விட்டிருக்கிறேன்.

2. தொடக்கங்கள்

[பனி விலகாத ஒரு கட்டுக்கலைக் காலையில், சொந்த வீடு என்னும் கனவைச் சுமந்துகொண்டு ஒரு பெண்]

வேண்டாம். வீடு வாங்க வந்த பியட்றிஸ் கனவைச் சுமந்து வரவில்லை. ஒரு குடையும் தைத்து முடித்த சட்டைகளும் கொண்டுவந்தாள்.

மறுபடி: வீடு வாங்குவோர் முதலில் பார்க்கவேண்டியது அதன் உறுதி.

இது எங்கள் ஐயா எல்லோருக்கும் சொல்லும் புத்திமதி. கூரையைப் பிறகு பார்க்கலாம், கிணற்றைப் பிறகு பார்க்கலாம். கடன் கொடுப்பவர் கூரையை நம்பிக் கொடுப்பதில்லை, உறுதியை நம்பித்தான் கொடுக்கிறார். எங்கள் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், உறுதி என்றால் வீடு இன்னாருடையது என்று சொல்லும் பத்திரம். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டென்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

பியட்றிஸ் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். லயத்துக் காம்பராவுக்குப் பத்திரம் ஏது? அவளுக்கு உறுதி என்றால் உறுதிதான், கெட்டியாக இருப்பது.

3. பேச்சு

பியட்றிஸ் கண்டிக்கு வந்து தையல் வேலை செய்கிறாள். கணவன் லூர்து பஸ் ஓட்டுகிறான். ஜவுளிக்கடை மஹ்மூத் நானா கட்டுக்கலையில் இருந்த தன் வீட்டை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தாள். கையிலிருந்த பணம் அச்சாரத்துக்கு மட்டும் போதும். மீதிக்கு அதே வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கவேண்டும். தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துத் தனபாலன் அப்படிக் கடன் கொடுப்பவர். அவரிடம் போனாள்.

நான் அங்கே இருக்கவில்லை. ஆனால் இருவரும் தனித்தனியே என்னிடம் சொன்னது ஒரே பேச்சுத்தான்.

“வீட்டின்ரை உறுதி பாத்தனீங்களோ, பிள்ளை?”

“பாத்தேங்கய்யா. ஒரு எடம் விடாம நானே பாத்தேன்.”

“எத்தினை வருசத்து உறுதி?”

“முப்பது வருசமாம். இன்னும் நூறு வருசம் தாங்கும்.”

தனபாலன் சிரித்தார். கெட்டிக்காரப் பெண் என்று நினைத்தாராம். “அப்ப பயமில்லை. அச்சாரத்தைக் குடுங்கோ, மிச்சம் நான் ஈட்டுக்குத் தாறன்.”

அன்றைக்கே அச்சாரத்தைக் கொடுத்துவிட்டாள்.

(தரகர்மார் யாராவது இதை வாசித்தால்: உறுதி என்று சொல்லும்போது தயவுசெய்து ஒரு தாளைத் தூக்கிக் காட்டுங்கள்.)

4. கந்தோர்

குறித்த நாளில் எல்லோரும் எங்கள் கந்தோருக்கு வந்தார்கள். மஹ்மூத் நானா தகப்பனாரின் பெயரிலிருந்த பழைய பத்திரத்தை மேசையில் வைத்தார்.

“வாப்பா மவுத்தாப் போன பொறகு நாங்க பிரிச்சிக்கவே இல்ல. தங்கச்சி றலியாட பங்கும் இதுல ஈக்கிது. அவ பின்னறையிலதான் ஈக்கிற.”

தனபாலன் பியட்றிஸின் பக்கம் திரும்பினார். “பிள்ளை, உறுதி பாத்தனெண்டெல்லே சொன்னனீங்கள்?”

“பாத்தேங்கய்யா! எல்லாச் செவுத்தயும் தட்டித் தட்டிப் பாத்தேன். கல்லு மாதிரி இருக்கு.”

“சுவரையோ?”

“பின்ன, உறுதிய வேற எங்கங்க பாக்குறது?”

மஹ்மூத் நானா பலமாகச் சிரித்தார். வேறு ஒருவரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். ஐயா மெதுவாக விளக்கினார். தங்கை ஒப்பம் வைக்காவிட்டால் விற்க முடியாது. விற்க முடியாத வீட்டை ஈடு வைக்கவும் முடியாது.

“அப்ப என் காசு?” என்றாள் பியட்றிஸ்.

“அந்தக் காசுக்குக் கடைக்குத் துணி எடுத்திட்டேன் புள்ள” என்றார் நானா. அவர் குரல் இறங்கியிருந்தது. “யாவாரம் படுத்துக் கெடக்குது. வித்தாத்தான் தர ஏலும்.”

[அவள் கண்களில் உலகமே]

இல்லை. அவள் குடையை விரித்தாள். உள்ளே இருக்கிறோம் என்று நினைவு வந்து மறுபடி மடக்கினாள். நான் பார்த்தது அவ்வளவுதான்.

5. சந்தேகம்

விதவையான தங்கை றலியா, அண்ணனிடம் ஒரு வரி சொல்லி அனுப்பினாள்: எனக்கு உறுதி தந்தால் ஒப்பம் வைக்கிறேன்.

எங்களுக்கு அது சுலபமாகப் புரிந்தது. பின்னறையில் ஆயுள்வரை இருக்கும் உரிமையைப் பத்திரத்தில் கேட்கிறாள். நான் வரைவுகூட எழுதினேன். தனபாலன் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“இப்பிடி எழுதின வீட்டை நாளைக்கு ஆர் வாங்குவினம்? இது என்ரை மகளின்ரை சீதனக் காசு, தம்பி. இது இருந்தால் நான் தரேலாது.”

அவரைக் கடுமையானவராக எழுதத்தான் திட்டமிட்டிருந்தேன். சீதனக் காசு என்றதும் என்னால் முடியவில்லை.

பியட்றிஸ் வரைவை வாசித்துக் காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு, “அவங்க தாளு கேக்கலீங்க. வெளிய போகச் சொல்லமாட்டேன்னு சொல்லுன்னு கேக்குறாங்க” என்றாள்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்கப்பாவுக்குத் தோட்டத்துல வேலைய விட்டுப் பேர் வெட்டுனப்ப, அன்னைக்கே பானை சட்டிய வெளிய வச்சிட்டாங்க. அடுப்பு அணையல. நாங்களும் அதத்தான் கேட்டோம், ஒருத்தரும் சொல்லல.”

இந்த இடத்தில் நான் பென்சிலைக் கீழே வைத்தேன். [பியட்றிஸ் உண்மையில் இவ்வளவு நல்லவளா? ஒரு வார்த்தை சொன்னால் கடன் கிடைக்கும்; சொல்வதற்குச் செலவில்லை. இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, பின்னறை தேவைப்படும்போது] அடித்துவிட்டேன். அடித்ததால் சந்தேகம் போய்விடவில்லை. பத்திரத்தில் இல்லாத வார்த்தையைத் தூக்கிக்கொண்டு யாரும் எங்கள் கந்தோருக்கு வரமுடியாது. வந்தால், நான்தான் அவர்களைத் திருப்பி அனுப்பவேண்டியிருக்கும்.

6. முடிவுகள்

அ. றலியா நம்பி ஒப்பம் வைக்கிறாள், பியட்றிஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். கிறகரி மாஸ்டருக்குப் பிடிக்கும்.

ஆ. றலியா ஒப்பம் வைக்கிறாள், பியட்றிஸ் காப்பாற்றவில்லை. ஐயாவிடம் கேட்டால் இதுதான் நடக்கும் என்பார். அவர் நிறையப் பேரைப் பார்த்தவர்.

இ. றலியா ஒப்பம் வைக்கவில்லை. பியட்றிஸ் அச்சாரத்தை நானாவின் கடைத் துணியாகவே வாங்கி, சட்டை சட்டையாகத் தைத்து விற்று மீட்கிறாள். வாடகை அறையிலேயே கிழவியாகிறாள்.

மூன்றையும் மனத்துக்குள் முழுதாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் நம்பும்படியாகவே வந்தன. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

7. இப்போது

இதை எழுதுவது கட்டுக்கலை வீட்டின் முன்னறையில். பின்னறைக்குப் போகும் வாசலில் ஒரு திரை தொங்குகிறது. ஆண்கள் இந்தப் பக்கம்: ஐயாவும் தனபாலனும் கதிரைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள், மஹ்மூத் நானா நிற்கிறார். விற்பனைப் பத்திரத்தையும் என் பேனாவையும் வாங்கிக்கொண்டு பியட்றிஸ் திரைக்கு உள்ளே போய்விட்டாள். தனபாலன் கேட்டபடி பத்திரத்தில் பின்னறையைப் பற்றி ஒன்றும் இல்லை; அந்த வார்த்தையைப் பியட்றிஸ்தான் நேரில் சொல்லவேண்டும். காத்திருக்கும் நேரத்தில்தான், கிழித்த வரைவின் பின்பக்கத்தில், இதையெல்லாம் எழுதிவந்தேன்.

உள்ளே பேசுவது கேட்கிறது, முதலில் றலியாவின் குரல்.

“அண்டைக்குச் செவுத்தத் தட்டினது நீங்களா, புள்ள?”

“ஆமாக்கா.”

“ஆரோ கதவத் தட்டுறண்டு நெனச்சித் தொறந்து பாத்தேன். ஒருத்தரும் இல்ல.”

“உள்ள ஆள் இருக்குன்னு யாரும் சொல்லலக்கா.”

“இப்ப தெரியுந்தானே.”

“தெரியுங்க.”

தனபாலன் தொண்டையைச் செருமினார். நானா அவரைப் பார்த்துக் கையைக் காட்டினார், கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல.

“வீடு ஒங்கடதா ஆன பொறகு, என்ட அறைக்கு வாறண்டா தட்டிட்டு வருவீங்களா? சும்மா தொறந்திட்டு வருவீங்களா?”

உள்ளே எங்கோ யாரோ இரண்டு முறை தட்டினார்கள்.

ஐயா என்னைப் பார்க்கிறார். பேனா இன்னும் வெளியே வரவில்லை. தட்டியது உறுதி பார்க்கச் சுவரிலா, அனுமதி கேட்டுக் கதவிலா என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்து எனக்குத் தெரியவில்லை. நீங்களும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். எதிலென்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.